கருவி வந்துவிட்டது, கம்பி யார் வாங்குவது?

2018 மே மாதம் பிரிட்டிஷ் இளவரசர் ஹாரியின் திருமணத்தில் செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) வாசித்த 19 வயது இளைஞரை உலகமே பார்த்தது. ஷேக்கு கானே-மேசன். 2016இலேயே பிபிசியின் இளம் இசைக்கலைஞர் பட்டத்தை வென்றவர். நாட்டிங்ஹாமில் தான் படித்த பள்ளிக்கு அவர் 3,000 பவுண்டு கொடுத்த செய்தி, திருமணப் படங்கள் அளவுக்கு ஊர் சுற்றவில்லை. அது செல்லோ வாங்கக் கொடுத்த பணமும் அல்ல. அங்கே செல்லோ கற்றுக்கொண்டிருந்த 10 மாணவர்களின் வகுப்பு நின்றுபோகாமல் இருக்கக் கொடுத்த பணம்.

இந்தச் சின்ன வேறுபாட்டைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வோம். இளம் கலைஞர் ஒருவர் வசதியில்லாத பள்ளிகளுக்கு வாத்தியம் வாங்கித்தரப் பணம் திரட்டுகிறார் என்ற செய்தி எந்த நாட்டிலும் அவ்வப்போது வருகிறது. அநேகமாக எல்லாம் ஒரே அச்சுதான். ஒரு கச்சேரி நடக்கும், அல்லது இணையத்தில் ஒரு நிதி திரட்டல். இத்தனை வயலின், இத்தனை கிடார் என்று ஓர் இலக்கு. இலக்கை எட்டியதும் புதுப் பெட்டிகளைக் கட்டிப்பிடித்தபடி பிள்ளைகள் நிற்கும் படம் ஒன்று. இரண்டு ஆண்டு கழித்து அந்தப் பெட்டிகள் என்ன ஆயின என்று திரும்பிப் போய்ப் பார்த்து எழுதப்பட்ட செய்தி எத்தனை படித்திருக்கிறீர்கள்?

வாத்தியத்துக்குப் பணம் கேட்பது ஒப்பீட்டில் எளிது. கொடுப்பவருக்குக் கண்ணால் பார்க்க ஒரு பொருள் இருக்கிறது. கம்பிக்கு, வில்லில் முடி மாற்றுவதற்கு, ஆசிரியரின் செவ்வாய்க்கிழமை மாலைக்குப் பணம் கேட்டால் யார் மனமும் அவ்வளவு இளகுவதில்லை. ஆனால் பள்ளியில் இசை படுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது கணக்கில்தான்.

பெட்டியைத் திறந்தால்

பள்ளி அலமாரியில் இரண்டு ஆண்டாகத் திறக்காமல் கிடந்த ஒரு வயலின் பெட்டியை எடுத்துக்கொள்வோம். திறந்ததும் முதலில் கண்ணில் படுவது வில். நூற்றைம்பது இருநூறு இழை குதிரை முடி இருக்க வேண்டிய இடத்தில் பாதி அறுந்து ஒட்டடை மாதிரி தொங்கும். யாரும் கத்தரிக்கோல் வைக்கவில்லை. இருட்டாக மூடியே கிடக்கும் பெட்டிக்குள் ஒருவகைக் குட்டி வண்டின் புழு குடியேறி முடியைத் தின்றுவிடும். அடிக்கடி திறந்து வாசிக்கிற பெட்டியில் அது தங்காது, வெளிச்சம் அதற்கு ஆகாது.

அடுத்து கம்பிகளைப் பாருங்கள். நான்கில் ஒன்று அறுந்திருக்கும், பெரும்பாலும் ஆக மெல்லிய கம்பி. காற்றில் ஈரப்பதம் ஏறி இறங்க, பிரடைகளில், அதாவது கம்பியை முறுக்கும் திருகுகளில், ஒன்று இறுகிப்போய்த் திருகவே வராது, இன்னொன்று நிற்காமல் வழுக்கும். பிரடை வழுக்கினால் கம்பி தளரும், கம்பி தளர்ந்தால் அதைத் தாங்கி நிற்கும் குதிரை சாயும். (வில்லில் கட்டுவதும் குதிரை முடி, கம்பிக்கு அடியில் நிற்பதும் குதிரை. தமிழில் வயலின் பாதி லாயம்தான்.) குதிரையைப் பசை போட்டு ஒட்டுவதில்லை, கம்பியின் அழுத்தம்தான் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. உள்ளே மேல் பலகைக்கும் அடிப் பலகைக்கும் நடுவில் முட்டுக் கொடுத்து நிற்கும் சின்ன மரக்குச்சி ஒன்றும் உண்டு, சவுண்ட் போஸ்ட் என்பார்கள். அதற்கும் பசை கிடையாது. அழுத்தம் போனால் அதுவும் விழுந்துவிடலாம். வயலினை எடுத்து லேசாக ஆட்டினால் உள்ளே கடகடவென்று உருளும். அதை மறுபடி நிமிர்த்த, எஸ் வடிவில் வளைந்த ஒரு கருவியை வயலினின் முகத்தில் இருக்கும் துளை வழியாக விட்டுக் குச்சியைப் பிடித்து நிறுத்த வேண்டும். கை பழகிய ரிப்பேர்க்காரருக்கு அது சில நிமிட வேலை. அப்படி ஒரு குச்சி இருப்பதே தெரியாத ஆசிரியர் என்ன செய்வார்? பெட்டியை மூடி, "உடைஞ்சது" என்று துண்டுச் சீட்டு ஒட்டி, அலமாரியில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிடுவார்.

இத்தனையிலும் வயலினில் ஒரு விரிசல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பித்தளை வாத்தியங்களின் நோய் வேறு மாதிரி. டிரம்பெட் வால்வுக்குச் சில நாளைக்கு ஒருமுறை இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும். விடாவிட்டால் வால்வு மெல்ல எழும்பும், பிறகு எழும்பவே எழும்பாது. பையன் கைதவறிக் கீழே போட்டால், வாய் வைத்து ஊதும் மவுத்பீஸ் குழாயில் இறுகிச் சிக்கிக்கொள்ளும். அதை நேராக இழுத்தெடுக்கவென்றே ஒரு சின்னக் கருவி விற்கிறார்கள், ஒரு பள்ளிக்கு ஒன்று போதும். அது இல்லாத இடத்தில் யாராவது குறடு கொண்டுவந்து முறுக்குவார்கள். மவுத்பீஸ் வரும், கூடவே குழாயும் முறுக்கிக்கொண்டு வரும். கிளாரினெட்டுக்கு ரீடு வேண்டும், ஊதும்போது அதிர்ந்து சத்தம் எழுப்பும் மெல்லிய நாணல் சீவல். அது சில வாரங்களில் தேயும், குழந்தை கையில் அதற்கு முன்பே நுனி பிளக்கும். ரீடு தீர்ந்த கிளாரினெட் வெறும் கறுப்புக் குழாய்.

இதெல்லாம் பரம ஏழைப் பள்ளிகளின் சங்கடம் மட்டும்தான் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துப் பொதுப்பள்ளிகளில் ரிப்பேருக்குக் காசில்லாமல் கிடந்த வாத்தியங்களைத் தேடிச் சேர்த்தபோது ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன. அவற்றைச் சரிசெய்யப் பணம் திரட்ட அங்கே ஒரு விசித்திரமான வழி கண்டுபிடித்தார்கள். உடைந்த வாத்தியம் உடைந்தபடியே என்ன சத்தம் எழுப்பும் என்று ஒவ்வொன்றையும் ஒலிப்பதிவு செய்தார்கள். டேவிட் லாங் என்ற இசையமைப்பாளர் அந்தச் சத்தங்களுக்கென்றே ஓர் இசைப்படைப்பு எழுதினார். 2017 டிசம்பரில் சுமார் 400 பேர் அதை அந்த ஓட்டை வாத்தியங்களிலேயே வாசித்தார்கள். தொழில்முறைக் கலைஞர்களும் பள்ளிப் பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில். பணம் கொடுப்பவர் ஒரு வாத்தியத்தைத் தத்தெடுத்து அதன் ரிப்பேர்ச் செலவை ஏற்கலாம். பிறகு வாத்தியம் பள்ளிக்கே திரும்பும். நான் அறிந்த நிதி திரட்டல்களில் இதைத்தான் ஆகப் புத்திசாலித்தனமானது என்பேன். யாருக்கும் பிடிக்காத ரிப்பேர்ச் செலவை, காது கொடுத்துக் கேட்கிற ஒன்றாக மாற்றிவிட்டார்கள்.

லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாவட்டம் இன்னொரு பாதையில் போனது. 1959 முதல் அது மாணவர்களுக்கு இலவசமாக வாத்தியம் ரிப்பேர் செய்ய ஒரு பட்டறையை நடத்திவருகிறது. சுமார் 80,000 வாத்தியங்கள் அதன் பொறுப்பில் இருக்கின்றன. அந்தப் பட்டறையைப் பற்றிய ஆவணக் குறும்படம் 2024இல் ஆஸ்கர் வாங்கியது. படத்தைப் பார்த்துக் கண்கலங்கியவர்களில் எத்தனை பேர் தங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒரு பெட்டி ரீடு வாங்கிக் கொடுத்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

பல்லைப் பிடித்துப் பார்ப்பது

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். வாத்தியத்தில் இந்தப் பழமொழி செல்லாது. பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் அளவு. வயலின் எல்லோருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. பதினாறில் ஒன்று, எட்டில் ஒன்று, கால், அரை, முக்கால், முழு என்று வரிசையாக இருக்கிறது. இந்தப் பின்னங்கள் வெறும் பெயர்தான், அரை வயலின் முழு வயலினில் பாதி நீளம் இருக்காது. ஆனால் குழந்தையின் கைக்குப் பொருந்தாத அளவைக் கொடுத்தால் தோள் வலிக்கும், விரல் எட்டாது, சுருதி சேராது. கால் வயலினில் ஆரம்பிக்கும் குழந்தை சில ஆண்டுகளில் அரை, முக்கால், முழு என்று மூன்று முறை வயலின் மாற்ற வேண்டும். ஆகவே முழு அளவில் 30 வயலின் வாங்கிச் சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்குக் கொடுப்பது, எல்லோருக்கும் பத்தாம் நம்பர் செருப்பு வாங்கிக் கொடுப்பது மாதிரி. படத்தில் நன்றாக இருக்கும். இதற்குத் தீர்வு, வாத்தியத்தைக் குழந்தைக்குச் சொந்தமாகக் கொடுக்காமல் பள்ளி நூலகப் புத்தகம்போல இரவல் கொடுப்பது. இவள் வளர்ந்து அரைக்குப் போனதும் இவளுடைய கால் வயலின் அடுத்த குழந்தைக்குப் போகும். அதற்கு ஒரு பதிவேடும் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். பதிவேட்டுக்காக யாரும் கச்சேரி நடத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அப்புறம் தரம். ஒரே பணத்தில் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அந்த ஆசைக்குத் தீனி போடும் மலிவு வயலின்கள் இணையம் முழுக்கக் கொட்டிக் கிடக்கின்றன. ரிப்பேர்க்காரர்கள் இவற்றுக்கு வைத்த கேலிப்பெயர் "வயலின் வடிவப் பொருள்". பிரடை நிற்காது, குதிரை சரியாகச் செதுக்கப்பட்டிருக்காது, கம்பி விரல் பலகையிலிருந்து ரொம்ப உயரத்தில் இருக்கும், அழுத்தினால் விரல் நோகும். நல்ல வித்வானே அதில் வாசித்தால் திணறுவார். புதிதாகக் கற்கும் குழந்தைக்கு அது தெரியாது. தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். இசைக்கலைஞர் ஒருவர் நிதி திரட்டுவதில் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது. பணக்காரர் ஒருவர் பெட்டியின் எண்ணிக்கையைப் பார்ப்பார், கலைஞர் கம்பியைத் தட்டிப் பார்ப்பார். வாங்குவதற்கு முன் ஒன்றை வாசித்துப் பார்க்கிற காது அவரிடம் இருக்கிறது. அந்தக் காதைப் பயன்படுத்தாமல் வெறும் முகத்தை மட்டும் பயன்படுத்துவதுதான் நிறைய இடங்களில் நடக்கிறது.

இலவசமாக வரும் பியானோவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பழைய பியானோவைப் பள்ளிக்குக் கொடுத்துப் புண்ணியம் தேடிக்கொள்ளப் பலருக்கு ஆசை. சுவரோரம் நிற்கும் சாதாரண பியானோவே 200 கிலோவுக்கு மேல் இருக்கும், அதைத் தூக்கத் தெரிந்த ஆள்தான் தூக்க வேண்டும். உள்ளே 200க்கு மேற்பட்ட கம்பிகள், எல்லாம் சேர்ந்து டன் கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கும். இடம் மாறியதும் சுருதி கலையும். கம்பிகளைப் பிடித்திருக்கும் முளைகள் பழைய மரத்தில் தளர்ந்துவிட்டால் எத்தனை முறை சுருதி கூட்டினாலும் நிற்காது. அப்போது அதை அப்புறப்படுத்தவும் ஆள் கூலி பள்ளியுடையது. இலவச பியானோ மாதிரிச் செலவு வைக்கும் வாத்தியம் வேறில்லை.

தரமான வயலின்தான் வேண்டும் என்று நான் சொல்வதற்கு எதிராக ஒரு நல்ல வாதம் பராகுவேயிலிருந்து வருகிறது. தலைநகர் அசுன்சியோனுக்குப் பக்கத்தில் குப்பைமேட்டை ஒட்டிய கட்டேயுரா என்ற குடியிருப்பு. குப்பை பொறுக்கிப் பிழைக்கும் குடும்பங்கள். அங்கே பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த ஃபாவியோ சாவேசிடம் பிள்ளைகள் அதிகம், வாத்தியங்கள் குறைவு. அந்த இடத்தில் ஒரு வயலினின் விலை ஒரு வீட்டின் விலையைவிட அதிகம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்படி ஒன்றைக் குழந்தை கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் அது அந்த வீட்டுக்கே பாரம். குப்பையிலிருந்து நிக்கோலாஸ் கோமெஸ் என்ற குப்பை பொறுக்கும் தொழிலாளி தகர டப்பாவையும் கிடைத்த மரத்தையும் வைத்து வயலினும் செல்லோவும் செய்து கொடுத்தார். உலகம் வியந்தது தகர டப்பாவைப் பார்த்து. எனக்குப் படுவது வேறு: அந்த வாத்தியத்துக்குச் சந்தையில் விலை இல்லை, அதனால் குழந்தை அதைப் பயமில்லாமல் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சாதகம் செய்ய முடிந்தது. பூட்டிவைக்கும் அளவுக்கு உசத்தியான வாத்தியத்தால் பயன் இல்லை. ஆக, கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு விலை" என்பது அல்ல. இது சாயங்காலம் வீட்டுக்குப் போகுமா?

50 ஸ்டாண்ட், 11 பேர்

1975இல் வெனிசுவேலாவின் காரகாஸ் நகரில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு இளம் பிள்ளைகளுக்கு ஓர் இசைக்குழு ஆரம்பித்தார். கார் நிறுத்தும் இடம் ஒன்றில் முதல் ஒத்திகை. ஸ்வரத்தாளை வைத்து வாசிக்கும் மியூசிக் ஸ்டாண்ட் 50 நன்கொடையாகக் கிடைத்திருந்தது, வந்தது 11 பேர். அதுதான் பின்னால் எல் சிஸ்டெமா என்று உலகம் அறிந்த பெரும் அமைப்பாக வளர்ந்தது. குஸ்தாவோ துதமேல் போன்ற இசைக்குழு நடத்துநர்கள் அதிலிருந்து வந்தார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் 11 என்ற எண்ணைச் சொல்லி வியப்பார்கள். நான் 50 என்ற எண்ணைப் பார்க்கிறேன். பொருள் தயாராக இருந்தது, ஆள்தான் இல்லை. 11 பேரைப் பெருக்கியது ஸ்டாண்டுகள் அல்ல. அநேகமாகத் தினமும் நடந்த ஒத்திகை, நேற்றுக் கற்ற பெரிய பிள்ளை இன்று சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம், ஆண்டுக்கு ஆண்டு வந்த அரசுப் பணம்.

அமெரிக்காவில் 1997இல் ஓர் இசைத் தொலைக்காட்சி ஆரம்பித்த சேவ் த மியூசிக் என்ற அறக்கட்டளை பள்ளிகளுக்கு வாத்தியம் கொடுத்துவருகிறது. ஆனால் சும்மா கொடுப்பதில்லை. பள்ளி நேரத்திலேயே இசை வகுப்பு நடக்க வேண்டும், அதற்கு ஆசிரியரை வைத்துச் சம்பளம் கொடுப்பது பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பு என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்கிறது. கடுமையாகத் தெரியலாம். எதுவுமே இல்லாத பள்ளிக்குத்தானே முதலில் கொடுக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். அது நியாயமான கேள்விதான், இந்த நிபந்தனையால் ஆக மோசமான நிலையில் இருக்கும் பள்ளி வரிசையில் கடைசிக்குப் போய்விடும். ஆனாலும் ஆசிரியர் இல்லாத பள்ளிக்கு வாத்தியம் கொடுப்பது, நாம் மேலே திறந்து பார்த்த அந்தப் பெட்டியை இன்னொரு அலமாரியில் வைப்பதுதான். அப்படிப்பட்ட பள்ளிக்கு முதலில் ஓர் ஆளை அனுப்ப வேண்டும். பிள்ளைகளுக்குத் தொண்டை இருக்கிறது. ஹங்கேரியின் இசையமைப்பாளர் சோல்தான் கொடாய் சொல்லிவந்ததும் பாட்டில்தான் தொடங்க வேண்டும் என்பதே. ஓர் ஆண்டு பாட்டும் தாளமும், அதன் பிறகு வாத்தியம்.

வாத்தியம் என்றாலும் எல்லாமே வயலினாக இருக்க வேண்டியதில்லை. ஜெர்மனியின் இசையமைப்பாளர் கார்ல் ஆர்ஃப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று புழக்கத்துக்குக் கொண்டுவந்த சைலஃபோனில் கட்டைகளைக் கழற்றி மாட்டலாம். இன்றைய பாட்டுக்குத் தேவையில்லாத ஸ்வரங்களைக் கழற்றி வைத்துவிட்டால் மிச்சம் எதைத் தட்டினாலும் அபஸ்வரம் வராது. முதல் நாளே 40 பேர் வகுப்பு ஒன்றாக வாசித்துவிடும். கனடாவில் 1960களில் யூகுலேலேயைப் பள்ளி வகுப்புகளில் கொண்டுவந்தார்கள்: நாலே கம்பி, குட்டி உடம்பு, மலிவு. அந்தந்தப் பள்ளியைச் சுற்றியிருக்கும் மக்களின் சொந்த வாத்தியம் இருந்தால் இன்னும் நல்லது. கற்றுத்தரவும் பழுது பார்க்கவும் ஆள் பக்கத்துத் தெருவிலேயே கிடைப்பார். வெளியூர்க் கலைஞர் தான் வாசிக்கும் வாத்தியத்தையே எல்லோருக்கும் வாங்கித்தர நினைப்பது இயல்புதான். ஆனால் அந்தப் பள்ளியில் யாராவது அதைக் கேட்டார்களா?

எவ்வளவு காலம் என்பதற்கு ஓர் ஆராய்ச்சியைச் சொல்லலாம். லாஸ் ஏஞ்சலிஸில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாக வாத்தியமும் வகுப்பும் கொடுக்கும் ஹார்மனி புராஜெக்ட் என்ற அமைப்பின் மாணவர்களை நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நீனா கிராஸ் குழு ஆராய்ந்து 2014இல் முடிவை வெளியிட்டது. பேச்சொலிகளை மூளை பிரித்தறியும் விதத்தில் முன்னேற்றம் தெரிந்தது. இரண்டு ஆண்டு வகுப்புக்கு வந்தவர்களிடம்தான், ஓராண்டு மட்டும் வந்தவர்களிடம் அல்ல. நிதி திரட்டுகிறவர் இதைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம். ஓராண்டுக்கு 100 பிள்ளைகளா, இரண்டாண்டுக்கு 50 பிள்ளைகளா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

பணம் வரும் வழி

பெயர்பெற்ற கலைஞர்களே பணத்தில் சறுக்கியிருக்கிறார்கள். 1971 ஆகஸ்ட் 1ஆம் தேதி, வங்கதேச அகதிகளுக்காக ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நியூயார்க்கில் நடத்திய கச்சேரி அதற்கு நல்ல உதாரணம். ஒரே நாளில் இரண்டு காட்சி, டிக்கெட் வசூல் 2,43,000 டாலருக்கு மேல், அது யுனிசெஃபுக்குப் போய்ச் சேர்ந்தது. அதைவிடப் பெரிய தொகை இசைத்தட்டிலும் படத்திலும் வந்தது. அதில் பெரும்பகுதி அமெரிக்க வருமானவரித் தணிக்கையில் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. காரணம், கச்சேரிக்கு முன்பே அதை முறைப்படி அறக்கொடையாகப் பதிவு செய்யவில்லை. அவசரத்தில், நல்லெண்ணத்தில் நடந்த வேலை. மனசு சரியாக இருந்தது, காகிதம் சரியாக இல்லை.

இளம் கலைஞருக்கு இது இன்னும் பொருந்தும். பல நாடுகளில் 18 வயது ஆகாதவர் தனியாக ஒப்பந்தம் போட முடியாது. பெற்றோரின் வங்கிக் கணக்கில் நன்கொடை வாங்கினால் முதல் நாளே சந்தேகம் முளைக்கும். ஏற்கெனவே பதிவுபெற்ற ஓர் அமைப்பின் கணக்குக்குப் பணம் நேராகப் போவதுதான் எல்லோருக்கும் நல்லது. இணையத்தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் அதன் விதிமுறைகளைப் படிக்க வேண்டும். கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் அறப்பணிக்கு நிதி திரட்ட அனுமதியே இல்லை. போதாததற்கு, இலக்கை எட்டாவிட்டால் ஒரு காசும் கைக்கு வராது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஆசிரியராக இருந்த சார்லஸ் பெஸ்ட் 2000இல் ஆரம்பித்த டோனர்ஸ்சூஸ் என்ற தளத்தின் முறை எனக்குப் பிடிக்கும். கேட்பவர் வகுப்பறை ஆசிரியர். தனக்கு என்ன வேண்டும் என்று அவரே எழுதுகிறார். பணம் சேர்ந்ததும் யார் கையிலும் ரொக்கம் கொடுப்பதில்லை, பொருளை வாங்கிப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். தேவையைச் சொல்பவர், கொடுப்பவர், வாங்குபவர் மூவரும் வேறு வேறு. சந்தேகத்துக்கு இடம் குறைவு.

கச்சேரி வைத்தால் அரங்க வாடகை, ஒலியமைப்பு, அச்சு, பயணம் எல்லாம் முதலில் வாயைத் திறக்கும். முழு அரங்கு நிறைந்தும் மிச்சம் ஒன்றும் நிற்காத கச்சேரிகள் உண்டு. அரங்கைச் சும்மா கொடுக்க ஒருவரைப் பிடிப்பது, கூடுதலாக ஐம்பது டிக்கெட் விற்பதைவிட லாபம். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கூட்டல் கழித்தல்தான்.

சேர்ந்த பணத்தை எப்படிப் பிரிப்பது? என்னைக் கேட்டால், வாத்தியம் வாங்கப் பாதிக்கு மேல் போகக் கூடாது. மீதியில் ஒரு பங்கு ஆசிரியரின் நேரத்துக்கு, ஒரு பங்கு இரண்டு மூன்று ஆண்டுக்கான கம்பி, ரீடு, எண்ணெய், வில்முடி, ரிப்பேருக்கு. ஒரு நாள் ரிப்பேர்க்காரரைப் பள்ளிக்கு வரவழைத்து, கம்பி மாற்றவும் குதிரையை நிமிர்த்தவும் ஆசிரியருக்கும் பெரிய மாணவர்கள் நாலு பேருக்கும் பழக்கிவிட்டால், அந்த ஒரு நாள் கூலி எத்தனையோ வயலினைக் காப்பாற்றும். இதை எல்லாம் நன்கொடை கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும். "30 வயலின்" என்று கேட்டுப் பணம் வாங்கி 15 வயலினும் 15 வயலின் விலைக்குப் பராமரிப்பும் செய்தால், எவ்வளவு நியாயமான வேலையாக இருந்தாலும் கொடுத்தவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். "15 பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டு வயலின்" என்று கேட்டால் அந்தச் சிக்கல் இல்லை.

கேட்கும் விதத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. இசை கற்றால் கணக்கு வரும், மூளை கூர்மையாகும், மதிப்பெண் ஏறும் என்று சொல்லிக் கேட்பது. 1993இல் 36 கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. 10 நிமிடம் மோட்சார்ட் கேட்டவர்கள், வடிவங்களை மனதில் மடித்துப் பார்க்கும் ஒருவகைக் கணக்கில் கொஞ்ச நேரத்துக்குச் சற்று நன்றாகச் செய்தார்கள், அவ்வளவுதான். அது ஊதிப் பெருகி, 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் செவ்வியல் இசைத் தட்டு கொடுக்க 1,05,000 டாலர் கேட்கும் அளவுக்குப் போனது. கைக்குழந்தைகளை வைத்து யாரும் சோதித்திருக்கவே இல்லை. அப்படி வாக்குக் கொடுத்துப் பணம் வாங்கினால், மதிப்பெண் ஏறாத ஆண்டில் இசை வகுப்பு முதலில் வெட்டுப்படும். பிள்ளைகள் இசை கற்பது இசைக்காக என்று சொல்ல ஏன் கூச்சப்பட வேண்டும்? ஏழைப் பிள்ளையின் கிழிந்த சட்டையைப் படம் பிடித்துப் போடுவதும் இதே ரகம்தான். அந்தப் படம் அந்தப் பிள்ளையின் வகுப்பு நண்பர்கள் கண்ணிலும் படும். படம் வேண்டும் என்றால் வில் பிடித்த கையை எடுங்கள், போதும்.

இந்த வேலையை ஆரம்பத்திலிருந்தே நீண்டகால ஏற்பாடாக நினைத்த ஒருவரைப் பார்க்க 18ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. லண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல் என்ற இல்லத்துக்கு இசையமைப்பாளர் ஹாண்டல் ஓர் ஆர்கன் வாங்கிக்கொடுத்தார். அதைத் தொடங்கிவைக்க 1750 மே 1ஆம் தேதி தன் 'மெசாயா' என்ற இசைப்படைப்பை அங்கே நடத்தினார். (ஆர்கன் அன்றைக்கு முழுசாகத் தயாராகவில்லை. சொன்ன தேதிக்கு வாத்தியம் வராத கஷ்டம் அவருக்கும் இருந்திருக்கிறது.) கூட்டம் தாங்காமல் பலரைத் திருப்பி அனுப்பினார்கள், இரண்டு வாரத்தில் மறுபடி நடத்த வேண்டியதாயிற்று. அதோடு விடவில்லை. ஆண்டுதோறும் அதே இடத்தில் அதே கச்சேரி. கடைசி வரை எல்லாம் சேர்ந்து இல்லத்துக்கு ஏறக்குறைய 7,000 பவுண்டு கிடைத்தது. 1759இல் அவர் இறந்தபோது உயிலில் அந்த இல்லத்துக்கு எழுதிவைத்தது 'மெசாயா'வின் ஸ்வரப் பிரதி ஒன்றும், ஒவ்வொரு வாத்தியக்காரரும் பாடகரும் வைத்து வாசிக்க வேண்டிய தனித்தனிப் பிரதிகளும். அவரில்லாமலே அடுத்த ஆண்டுக் கச்சேரியை அவர்கள் நடத்திக்கொள்ளலாம். நடத்தினார்கள், அதற்குப் பிறகும் பல ஆண்டுகள்.